வயல் வாய்க்கால்களில் சிறு மீன் பிடிப்போர் கவனத்திற்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வயல் வாய்க்கால்களிலும், பன் அடர்ந்த குள ஓரங்களிலும், விரல் நீளங்கூட வளராத உள்ளூர் மீன்கள் பல வாழ்கின்றன. அவற்றைத் தொட்டியில் வளர்க்க விரும்புவோர் ஆழத்தில் இறங்க வேண்டியதில்லை. விரால் போன்ற இரைகொல்லிகளுக்கு அஞ்சி அவை ஓரத்துப் புல்லுக்குள்ளேயே ஒதுங்கி நிற்பதால், கரையில் நின்றபடியே நீண்ட பிடியுள்ள கைவலையால் அள்ளிவிடலாம்.

வடகீழ்ப் பருவமழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்கள் இதற்கு ஏற்றவையல்ல. வெள்ளம் வேகமாக ஓடுவதோடு எலிக்காய்ச்சலும் அக்காலத்தில் அதிகம் பரவும். பெரும்போக அறுவடை நெருங்கும் மாசி, பங்குனியில் நீர் வடிந்து தெளிகிறது. அப்போது வாய்க்காலில் தேங்கும் குட்டைகள் பிறகு வற்றிவிடுவதாலும், அங்குள்ள மீன்களில் பெரும்பாலானவை கொக்குக்கும் நாரைக்கும் இரையாவதாலும், அங்கிருந்து சிலவற்றை எடுப்பதே குறைந்த தீங்கு என்பது என் கருத்து. புறப்படுமுன் வயற்காரரிடமோ, வயல்களின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டைவிதானையிடமோ அனுமதி பெறுங்கள். அண்மையில் மருந்தடித்த வயல் எது என்பதையும் அவர்களிடமே கேட்டறியலாம். தேசிய பூங்காக்களான கல்லோயா, மதுறு ஓயா, லாகுகல ஆகியவற்றுக்குள் ஒரு மீனையும் பிடிக்கக் கூடாது.

உடல் பாதுகாப்பில் முதலாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி தோலிலுள்ள வெட்டுக்காயம், சிராய்ப்பு வழியாக உட்புகும் என்பதால், காயம் உள்ளவர் நீரைத் தொடாதிருப்பதே நன்று. மற்றவர்கள் முழங்கால் வரையுள்ள இறப்பர் சப்பாத்து அணிந்து, வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். அடிக்கடி சேற்றில் இறங்குபவர் தடுப்பு மருந்து பற்றிப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம். அடுத்துவரும் வாரங்களில் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், தாமதியாது வைத்தியரை நாடி, சேற்றுநீரில் நின்றதை மறவாமல் சொல்லுங்கள்.

முதலை வாவியில் மட்டுமன்றிக் குளங்களிலும் உண்டு. ஆற்றுவாழை மூடிய நீர் அதற்கு நல்ல மறைவு. கரைச் சேற்றில் வழுக்கிய தடம் தெரிந்தாலே அவ்விடத்தை விட்டகலுங்கள். புற்பற்றையை முதலில் தடியால் தட்டிவிட்டு நடப்பது புடையன் பாம்புக்காக. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் செல்வோர், யானை வரக்கூடும் என்பதால், மாலைக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். தனியே செல்வதும் கூடாது.

வலையில் சுங்கான் என்னும் மீசையுள்ள மீன் ஏறினால் கையால் பற்றாதீர்கள். அதன் பக்கச் செட்டை முள்ளில் நஞ்சுண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அவ்விடத்தை அரை மணித்தியாலத்துக்கும் மேலாக வைத்திருப்பது வலியைத் தணிக்கும். மூச்சுத்திணறலோ பெரும் வீக்கமோ ஏற்பட்டால் வைத்தியசாலைக்கே செல்ல வேண்டும்.

இனி மீன்களைப் பற்றி. நீரின் மேற்பரப்பில், தலையில் வெண்பொட்டு மின்ன நிற்பது அப்லோகைலஸ் பார்வஸ். அது துள்ளிக் குதிக்குமாதலால் வாளிக்கு மூடி அவசியம். நீண்ட மீசையுடையது ஈசோமஸ் தெர்மோய்கோஸ். தேங்கிய நீரில் வாழும் சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ் மேற்பரப்புக் காற்றையும் சுவாசிக்கும். எனவே பையை விளிம்பு வரை நிரப்பாமல், மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி காற்றுமாகக் கட்டுவது சரி. அதன் ஆண் மீன் இலையடியில் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும் இயல்புடையது. அத்தகைய நுரையைக் கண்டால் அந்த மூலையை விட்டுவிடுங்கள். ஓரினத்தில் ஆறேழு போதும். முடிச்சில்லாத மென்வலையே செதிலைக் காக்கும். மீனை வெறுங்கையால் தொடாமல், நீரோடு சேர்த்துச் சிறு கிண்ணத்தில் அள்ளி மாற்றுங்கள்.

பையை நிழலில் கொண்டுவந்து, தொட்டி நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, அத்தொட்டி நீரைச் சிறுகச் சிறுகப் பைக்குள் சேர்த்தபின் மீனை விடுங்கள். குழாய்நீராயின் குளோரின் நீங்க ஒருநாள் திறந்து வைத்திருக்க வேண்டும். புதிய மீன்களை இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்து நோய்க்குறி பாருங்கள். கடைமீன்களோடு கலந்த பிறகு எதையும் குளத்தில் திரும்ப விடாதீர்கள்; வேண்டாதவற்றை மீன் வளர்க்கும் வேறொருவரிடம் கொடுத்துவிடலாம்.