ஹைலாந்து வீரனின் பிளெய்டைக் கட்டுவது எப்படி?

ஸ்காட்லாந்து வீரன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இடுப்போடு நிற்கும், பாவாடை போன்ற கில்ட். அது 18ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாந்தின் மக்கள் கட்டியது ஃபேலே மோர், அதாவது பெரிய பிளெய்ட். ஒரு நீளக் கம்பளித் துணி, ஒரு பெல்ட், ஒரு ஊசி, அவ்வளவுதான்.

1. சுமார் ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் துணி எடுங்கள். அன்றைய தறியில் இவ்வளவு அகலம் வராது. இரண்டு துண்டுகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தார்கள். பழகுவதற்குப் பருத்தித் துணியே போதும்.

2. பெல்ட்டைத் தரையில் நீட்டி, துணியை அதன் மேல் விரியுங்கள். படுக்கும்போது பெல்ட் இடுப்புக்கும், துணியின் கீழ் ஓரம் முழங்காலுக்கும் வர வேண்டும்.

3. இப்போது கொசுவம். இரு பக்கமும் வயிற்றை மூடும் அளவுக்குத் துணியை விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் மடியுங்கள். புடவைக் கொசுவம் முன்னால் வரும். இது முதுகுப் பக்கம். அவசரப்படாதீர்கள், மடிப்பு ஒன்று சரிந்தாலும் எழுந்ததும் எல்லாம் கலைந்துவிடும்.

4. கொசுவத்தின் மேல் மல்லாந்து படுங்கள். வலப்பக்கத் துணியை முதலில் வயிற்றின் மேல் போட்டு, அதன் மேல் இடப்பக்கத்தைக் கொண்டுவந்து, பெல்ட்டை இறுக்கிவிட்டு எழுந்திருங்கள்.

5. மேல்பாதி இப்போது பின்னால் தொங்கும். அதை அள்ளி இடது தோளில் ஊசியால் குத்துங்கள். ஏன் இடது? வலது கை வாளுக்கு. கையை ஓங்கிப் பாருங்கள், எங்கேயும் தடுக்காது. எனக்கு இந்த உடையில் மிகவும் பிடித்தது இதுதான். மழை வந்தால் அந்த மேல்பாதியே முக்காடு, இரவில் மொத்தத் துணியும் போர்வை. கூடாரம் சுமக்காமல் மலையேறிய படைக்கு வீடே இதுதான்.

1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடனில் நடந்த போரில், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் ஆதரவாளர்களான யாக்கோபியர்கள் தோற்றதும் பிரிட்டிஷ் அரசு இந்த உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். அரசுப் படையில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் தடை நீங்கியது.

6. அவிழ்க்க, ஊசியை எடுத்து பெல்ட்டைத் தளர்த்தினால் போதும், மொத்தமும் காலடியில் விழும். 1689 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தின் கில்லிக்ராங்கியில் நடந்த போரில், மலைச்சரிவில் பாய்ந்து இறங்குமுன் ஹைலாந்து வீரர்கள் பிளெய்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சட்டையோடு வாளை உருவிக்கொண்டு ஓடினார்கள்.