இன்ஜின் மாற்றிய பிறகு சென்சார் வயரிங்கில் செய்யக்கூடாத தவறுகள்

பழைய இன்ஜினை இறக்கி வேறொன்றை ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் செக் இன்ஜின் விளக்கு அணையவில்லை, ஸ்கேனரை மாட்டினால் நான்கைந்து கோளாறு கோடுகள் (ஃபால்ட் கோட்) வரிசையாக நிற்கின்றன. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கோடில் எந்த சென்சார் பெயர் இருக்கிறதோ அதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பி0335 என்று வந்தால் கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார் செத்துவிட்டது என்று பொருள் இல்லை, அந்த சர்க்யூட்டில் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) எதிர்பார்த்த சிக்னல் வரவில்லை என்றுதான் பொருள். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமா? வயர், கனெக்டர், எர்த், ஈசியூ பின் எல்லாமே அதில் அடக்கம். கழற்றும் வரை ஒழுங்காக ஓடிய இன்ஜின் என்றால் இடையில் மாறியது நம் கை பட்ட வயரிங்தான், அதனால் சந்தேகத்தையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதிலும் சம்பந்தமில்லாத சென்சார்களின் கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் சந்தோஷப்படுங்கள், தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. த்ராட்டில் பொசிஷன், மேப் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது), ஏசி பிரஷர் மூன்றும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். பல வண்டிகளில் இவற்றுக்கெல்லாம் ஈசியூவிலிருந்து போகும் 5 வோல்ட் சப்ளை பொதுவானது, அதில் எங்கோ ஓரிடத்தில் ஷார்ட் ஆனால் எல்லாமே விழும். மல்டிமீட்டரை அந்த 5 வோல்ட் பின்னிலும் சென்சார் எர்த்திலும் வைத்துக்கொண்டு, சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்த சென்சார்தான் இழுத்துக்கொண்டிருந்தது, அல்லது அதை நாம் தவறான பின்களில் இணைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வோல்டேஜ் ஏறவில்லை என்றால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எர்த். இன்ஜின் மாற்றிய வண்டிகளில் வரும் விசித்திரமான கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது என்பது என் உறுதியான எண்ணம். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் பாடிக்கும் தடித்த எர்த் வயர் போடாவிட்டால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வேறு வழி தேடும், கிளட்ச் கேபிள் வழியாகவும் சென்சார்களின் மெல்லிய எர்த் வயர்கள் வழியாகவும் கூடப் போகும். வயர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் போதாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்து பாருங்கள், அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பு சரியில்லை. அடியில் பெயின்ட்டோ துருவோ இருக்கும், சுரண்டிவிட்டு முறுக்குங்கள். வயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் பீப் அடிக்கும், லோடு ஏறும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

இன்னொரு எர்த் தவறு, சென்சாரின் எர்த் வயரைப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு போல்ட்டில் கட்டிவிடுவது. அந்த வயர் ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே போக வேண்டும். பாடியில் கட்டினால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது ஒரு அளவு, நிற்கும்போது வேறொரு அளவு என்று ரீடிங் ஆடும், அதைப் பார்த்துவிட்டு நாம் சென்சாரைத் திட்டுவோம்.

கிராங்க் சென்சார் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு ஜாதி உண்டு. காந்தமும் சுருளும் கொண்டது ஒன்று, சப்ளை கேட்கும் ஹால் வகை (காந்தப்புலத்தை உணரும் சிப் கொண்டது) இன்னொன்று. இரண்டு வயர் என்றால் சுருள், மூன்று வயர் என்றால் ஹால் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள், சுருள் வகையிலும் மூன்றாவதாக, சிக்னலை இரைச்சலிலிருந்து காக்கும் ஷீல்டு வயர் வருவதுண்டு. ஹால் சென்சாரை ஓம் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, சப்ளை கொடுத்து சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சுருள் வகையில் இரண்டு வயர்களை இடம் மாற்றிக் கொடுத்தாலும் வண்டி சில சமயம் ஸ்டார்ட் ஆகிவிடும், பிரச்சினையே அதுதான். டைமிங் நகர்ந்திருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற மிஸ்ஸிங் வரும், ஆட்கள் காயிலையும் பிளக்கையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஷீல்டு வயரை ஒரு முனையில் மட்டும், வழக்கமாக ஈசியூ பக்கம், எர்த் செய்யுங்கள். ஈசியூவும் வேறு வண்டியினுடையது என்றால் கிராங்க் வீலின் பல் கணக்கு அதற்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள், 60-2 (60 பல் இடத்தில் இரண்டு பல் இல்லாதது) எதிர்பார்க்கும் ஈசியூவுக்கு 36-1 வீலைக் காட்டினால் எந்த வயரிங்கும் காப்பாற்றாது.

ஸ்கேனர் பேசுகிறது, எல்லாம் சரியாகக் காட்டுகிறது, ஆனால் செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆர்பிஎம் பூஜ்யம். இதற்கும் கிராங்க் சென்சாரைத்தான் முதலில் மாற்றுவார்கள். ஈசியூவுக்கு இக்னிஷன் சப்ளையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். ரேடியோ போன்றவற்றுக்குப் போகும் லைன் பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது துண்டாகிவிடும், அதிலிருந்து எடுத்திருந்தால் தேவைப்படும் அந்த நொடியில் ஈசியூ தூங்கிவிடும். செல்ஃப் அடித்துக்கொண்டே ஈசியூ சப்ளையை அளந்தால் உடனே தெரிந்துவிடும்.

டெம்பரேச்சர் சென்சாரில் பலருக்குத் தெரியாதது, மீட்டர் முள்ளுக்கு ஒன்று, ஈசியூவுக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனியாக இருக்கலாம் என்பது. ஒற்றை வயர் மீட்டர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த், அதன் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் போய்விடும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (சென்சார்களின் அப்போதைய ரீடிங்) கூலன்ட் மைனஸ் 40 டிகிரி காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் மாட்டவில்லை, சில்லென்று இருக்கும் இன்ஜினில் 130க்கு மேல் காட்டினால் ஷார்ட்.

ஆக்சிஜன் சென்சாருக்கு ஒன்றே ஒன்று. வி6, வி8 இன்ஜின்களில் இரு பக்க கனெக்டர்களும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி மாட்டிவிடுவார்கள். அப்போது ஈசியூ ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைத் திருத்தும், ஃபியூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) ஒரு பக்கம் பிளஸ்ஸில் ஏறிக்கொண்டே போகும், இன்னொன்று மைனஸில் இறங்கிக்கொண்டே போகும். இப்படி எதிரெதிராகப் போனால் வேறெதையும் தொடுவதற்கு முன் அந்த இரண்டு கனெக்டர்களைப் பாருங்கள்.

வயரின் கலரை நம்பி இணைப்பதும் ஆபத்து. ஒரே இன்ஜினாக இருந்தாலும் ஆண்டு மாறினால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், கலரும் பின் வரிசையும் மாறலாம். அந்த ஈசியூவின் பார்ட் நம்பருக்குரிய வயரிங் படத்தை எடுத்து, பின் நம்பர் பார்த்து இணைப்பதுதான் வழி. சோதிக்கும்போது மீட்டர் முனையைக் கனெக்டரின் வாய்க்குள் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் டெர்மினல் விரிந்து லூஸ் கான்டாக்ட் ஆகிவிடும், நாம் சோதித்ததே புதுக் கோளாறாகும். பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை விட்டு அளக்கலாம். பழைய பல்பு டெஸ்டரை ஈசியூவின் சென்சார் வயர்களில் வைக்கவே வேண்டாம், அது இழுக்கும் கரன்ட் ஈசியூவையே பழுதாக்கிவிடலாம்.

இத்தனைக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு சோதனை உண்டு, ஸ்டார்ட் செய்யும் அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவது. இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டாவைப் பாருங்கள். கூலன்டும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், மேப் கடல்மட்டப் பகுதியில் 100 கிலோபாஸ்கல் அளவில் நிற்க வேண்டும், ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் ஆக்சிலேட்டரின் அளவு குதிக்காமல் ஏற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அதே நிலையில் ஹார்னஸை (வயர்க் கட்டை), குறிப்பாக நீங்கள் ஒட்டுப் போட்ட இடங்களையும் சைலன்சர் மேனிஃபோல்டு அருகே போகும் பகுதியையும், கையால் அசைத்துக்கொண்டே திரையைக் கவனியுங்கள். எங்கே அசைக்கும்போது எண் துள்ளுகிறதோ அந்த இடத்து டேப்பைப் பிரித்து, முறுக்கிச் சுற்றிய ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு, ஒழுங்காக கிரிம்ப் செய்து (உலோக ஸ்லீவில் வைத்து அழுத்தி இணைத்து) பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள்.