தமிழ் வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற்றம்), ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) உள்ள பிள்ளைகளிடம் எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே சிங்கப்பூரின் புதிய தமிழாசிரியர்களும் செய்வதைப் பார்க்கிறேன். அதட்டக் கூடாது, ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

எடுத்த எடுப்பில் தாய்மொழி விலக்கு

தாய்மொழிப் பாடத்தைப் படிக்கத் தேவையில்லை என்று பெறும் அனுமதிதான் விலக்கு. இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். தொடக்கநிலை 3 மாணவன், டிஸ்லெக்சியா. பெற்றோர் சந்திப்பில் அவன் அம்மா உட்கார்ந்ததுமே ஆசிரியர், "தமிழ் இவனுக்குச் சுமை, விலக்குக் கேட்டுப் பாருங்கள்" என்றார். பாட்டியோடு தேக்கா சந்தைக்குப் போய்வந்ததை அவன் சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும். தடுமாற்றம் எழுத்தில்தான். ‘கொ’வுக்குக் குறி முன்னாலும் பின்னாலும் வருகிறது, ல, ள, ழ குழப்பம் வேறு. அந்த அம்மா மறுவாரமே விண்ணப்பித்துவிட்டார். இப்போது தமிழ்ப் பாடவேளையில் அவன் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

விலக்கு தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அது கடைசிப் படி. விலக்குப் பெற்றால், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தாய்மொழிக்கு 6 முதல் 8 வரையிலான ஓர் அடைவுநிலையை வழங்குவார்கள் (1 மிகச் சிறந்தது, 8 கடைசி). தொடக்கநிலை 5இல் அடிப்படைத் தமிழ் என்ற எளிமையான பாடம் இருக்கிறது. அதில் பேசுவதற்கும் கேட்பதற்கும்தான் அதிக முக்கியத்துவம். இரண்டையும் சொல்லாமல் பெற்றோரை முடிவெடுக்க வைப்பது நியாயமே இல்லை.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? பாடப்பகுதியை ஒலிப்பதிவோடு இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடம் விடுங்கள். விடையை வாய்மொழியாக வாங்குங்கள். பள்ளியில் இத்தகைய பிள்ளைகளுக்கு உதவும் சிறப்புத் தேவை அலுவலரிடம் யோசனை கேளுங்கள், ஆனால் முழுவதையும் அவர் தலையில் கட்டாதீர்கள். தொடக்கநிலை 3, 4இல் பள்ளி தரும் டிஸ்லெக்சியா பயிற்சி ஆங்கில வாசிப்புக்கானது. தமிழ் எழுத்துக்கு நாம்தான் பொறுப்பு.

திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வது

வேண்டவே வேண்டாம்.

இடைவேளையைப் பறிப்பது

முடிக்காத பயிற்சியை அப்போது எழுத வைக்காதீர்கள். ஓடியாடிவிட்டு வந்தால்தான் சில பிள்ளைகளால் அடுத்த பாடத்துக்கு உட்கார முடியும்.

அமைதி மூலையைத் தண்டனையாக்குவது

சத்தமோ பதற்றமோ தாங்காத பிள்ளை சற்றுத் தனியாக உட்கார வகுப்பில் ஒதுக்கிய இடம்தான் அமைதி மூலை. "அங்கே போய் உட்கார்!" என்று கோபத்தில் ஒருமுறை அனுப்பினால் போதும்; அப்புறம் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும்போதுகூடப் பிள்ளை அங்கே போகாது. கையில் ஓர் அட்டை கொடுத்து வையுங்கள். அதைக் காட்டினால் கேள்வி கேட்காமல் போக விடுங்கள். திரும்பி வந்ததும் ‘எங்கே போனாய்’ என்று எல்லார் முன்னிலும் விசாரிக்காதீர்கள். விட்ட இடத்தைப் புத்தகத்தில் தொட்டுக் காட்டுங்கள்.