கேமரன் மலையில் தவளை தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தவளை என்றதும் குட்டையைத் தேடிப் போவதுதான் முதல் தவறு. மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தா, ரிங்லெட் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் இருப்பவர்களே இதைச் செய்கிறார்கள். மலையில் ஓடுகிற தண்ணீரும் ஈரச் சருகும்தான் பல இனங்களுக்கு வீடு. கொம்புத் தவளையைப் பாருங்கள்: கண் இமை கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு, காய்ந்த இலை நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், மிதிக்கிற வரைக்கும் தெரியாது. ராத்திரியில் 'ங்ங்' என்று உரக்கக் கத்தும்போதுதான் ஆள் இருப்பதே தெரியும். அதனால் பாதையை விட்டு இறங்கிச் சருகைக் கிளறாதீர்கள், நின்று காதைக் கொடுங்கள்.

அடுத்தது, ஓடையில் கல்லைப் புரட்டுவது. பிள்ளைகள் கல்லை அடுக்கி அணை கட்டி விளையாடுவார்கள், அப்பா அம்மாவும் போட்டோ எடுத்துக்கொண்டு இருப்பார்கள். லாருட் அருவித்தவளை என்று ஒன்று உண்டு. அதன் தலைப்பிரட்டைக்கு வயிற்றில் உறிஞ்சி மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது, அதை வைத்துத்தான் பாய்கிற தண்ணீரிலும் பாறையோடு ஒட்டிக்கொண்டு பாசியை மேய்கிறது. கல்லைப் புரட்டினால் அதற்கு மேய்ச்சலும் போச்சு, பிடிமானமும் போச்சு. காய்கறித் தோட்டத்து மண் கரைந்து ஓடைக்கு வந்தாலும் இதே கதிதான், பாசிக்கு மேல் சேறு படிந்துவிடும். அதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் கல் அணை சின்ன விஷயம் என்பேன், ஆனால் நம் கையில் இருப்பது அதுதானே.

இதைவிட மோசமானது மண்புழுப் பாம்பு விவகாரம். தோண்டும்போது கறுப்பாக, உடம்பெல்லாம் வளையம் வளையமாக, சில இனங்களில் பக்கவாட்டில் மஞ்சள் கோட்டோடு ஒன்று வரும். உடனே பாராங் கத்தியை எடுத்து வெட்டிவிடுகிறார்கள். அது பாம்பே இல்லை, கால் இல்லாத நீர்நில வாழ்வி, தவளைக்குச் சொந்தம். தாய் முட்டையைச் சுற்றிக்கொண்டு காவல் இருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் குட்டி உணர்கொம்பு இருக்கும், பாம்புக்கு அது கிடையாது. ஆனால் அதைப் பார்க்க அவ்வளவு கிட்டப் போக வேண்டாம்! செதில் இல்லாமல் வழுவழுவென்று வளையமாக இருந்தால் மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அதன் போக்கில் விடுங்கள்.

கொசு மருந்து தடவிய கையால் தவளையைத் தொடாதீர்கள், தோல் வழியாகவே அது தண்ணீரும் காற்றும் எடுக்கிறது. வேறு காட்டில் மிதித்த பூட்ஸைக் கழுவிக் காய வைத்துவிட்டு வாருங்கள், தவளையைக் கொல்லும் பூஞ்சை ஒன்று ஈரச் சேற்றோடு பரவும்.

அப்புறம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் வரும் தேரை. உப்பைத் தூவி விரட்டுவது நம் ஆட்கள் பழக்கம், அது தோலில் உள்ள ஈரத்தை இழுத்து வதைக்கும். தேங்காய் வெறுமையாக இருந்தாலும் தேரை மேல்தான் பழி! துடைப்பத்தால் மெல்ல ஒதுக்கினால் போய்விடும். நாய் கவ்விவிட்டால் மட்டும் உஷார், கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நஞ்சு இருக்கிறது. வாயைப் பக்கவாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தண்ணீர் தொண்டைக்குள் போகக்கூடாது. நுரை தள்ளித் தள்ளாடினால் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோய்விட வேண்டும்.