சென்னை ஏரிகளுக்கு ஒரு டாஷ்போர்டு: கூகுள் ஷீட்ஸில் படிப்படியாக

சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் நிலவரத்தைக் குடிநீர் வாரியம் தினமும் தன் இணையதளத்தில் போடுகிறது. நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழையளவு எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். தகவலுக்குக் குறைவில்லை, பார்த்ததும் புரியாது, அவ்வளவுதான். முக்கிய எண்களை ஒரே திரையில் பார்த்ததும் புரியும்படி காட்டுவதுதான் டாஷ்போர்டு. அதைச் செய்து பழக இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

படி 1: யாருக்கு?

ஷீட்டைத் திறக்கும் முன் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். "கோடை வரைக்கும் தண்ணி தாங்குமா?" என்று ஒருவர் கேட்பார். அடையாற்றங்கரையில் குடியிருப்பவரோ மழைக்காலத்தில் வெள்ளத்துக்குப் பயந்து, உபரி நீர் அடையாற்றில் வந்து சேரும் ஏரியைப் பற்றி "செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிடுவார்களா?" என்று கேட்பார். இரண்டையும் ஒரே திரையில் திணித்தால் யாருக்கும் உதவாது. தனித்தனி ஷீட்டாக வையுங்கள்.

படி 2: தரவு

ஒரு நாள், ஒரு ஏரி, ஒரு வரிசை. தேதி, ஏரி, இருப்பு, வரத்து, வெளியேற்றம் எனப் பத்திகள். ஏரிக்கு ஒரு பத்தி என்று அகலமாக விரித்தால் பிறகு ஃபில்டரும் பிவட் டேபிளும் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடும்போது திண்டாடுவீர்கள்.

படி 3: எண்ணைத் தனியாக விடாதீர்கள்

இருப்பு 500 மில்லியன் கன அடி. இது அதிகமா, குறைவா? கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகையில் அது முழுக் கொள்ளளவு, ஏரி ததும்புகிறது. 3,645 கொள்ளும் செம்பரம்பாக்கத்திலோ ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஒவ்வொரு இருப்புக்கும் பக்கத்தில் கொள்ளளவு (பூண்டி 3,231, புழல் 3,300, சோழவரம் 1,081), சதவீதம், போன வருடம் இதே தேதியின் இருப்பு மூன்றும் வரட்டும்.

படி 4: வரைபடம்

ஏரிகளை ஒப்பிடப் பட்டை வரைபடம் போதும். ஒரு கட்டத்துக்குள் குட்டி வரைபடம் போடும் ஸ்பார்க்லைன் (SPARKLINE) ஃபார்முலாவில் பட்டை வகையைத் தேர்ந்து, உச்ச அளவாகக் கொள்ளளவைக் கொடுத்தால் கட்டத்துக்குள்ளேயே பட்டை வந்துவிடும். மொத்த இருப்புக்குக் கோட்டு வரைபடம்: இந்த வருடம் அடர் நீலம், போன வருடமும் ஏரிகள் வறண்ட 2019-ம் வெளிர் சாம்பல். கோடு 2019-ஐ நோக்கி இறங்கினால் யாரும் விளக்கத் தேவையில்லை. பை சார்ட் வேண்டாம். மொத்தத்தில் எந்த ஏரியின் பங்கு எவ்வளவு என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

படி 5: அலகை நீங்களே மாற்றிக் கொடுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று வருகிறது, இருப்போ மில்லியன் கன அடியில். பார்ப்பவர் மனக்கணக்குப் போடமாட்டார். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. எனவே விநாடிக்கு 1,000 கன அடி வந்தால் ஒரு நாளில் 86.4 மில்லியன் கன அடி சேரும். செம்பரம்பாக்கத்தில் 3,200 மில்லியன் கன அடி இருக்கிறது, வெளியேற்றம் போக நிகர வரத்து விநாடிக்கு 5,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். மீதி இடம் 445 மில்லியன் கன அடி, ஒரு நாளில் சேர்வது 432. "இதே வேகத்தில் சுமார் ஒரு நாளில் நிரம்பும்" என்று ஒரு வரியாகக் காட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது; அது எவ்வளவு தண்ணீர் என்று எத்தனை பேருக்குப் பிடிபட்டிருக்கும்?

படி 6: நிறம்

நிரம்பினால் பச்சை, குறைந்தால் சிவப்பு என்று கண்டிஷனல் ஃபார்மட்டிங் (எண்ணுக்கு ஏற்பத் தானாக நிறம் மாறும் வசதி) போடத்தான் கை போகும். ஆனால் 95 சதவீதம் மே மாதத்தில் நிம்மதி, நவம்பரில் கவலை. அதனால் பட்டைக்கு ஒரே நீலம் போதும். எச்சரிக்கை நிறத்தை வெள்ளக் கேள்விக்கான ஷீட்டில் மட்டும், சொல்லோடு சேர்த்துக் காட்டுங்கள். சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

படி 7: சோதனை

'எந்தத் தேதி நிலவரம்' என்பதை மேலேயே எழுதுங்கள். அப்புறம் ஃபோனில் திறந்து, இதற்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, "எந்த ஏரி மோசமா இருக்கு?" என்று கேளுங்கள். விளக்க வாய் திறக்காதீர்கள். அவர் விரல் எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தை மாற்றிவிட்டு, வேறொருவரிடம் கொடுங்கள்.