பங்குனியில் குண்டுமல்லி பூத்துக் குலுங்க, கார்த்திகையில் கவாத்து

மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை அப்படியே விட்டால் செடி படரும், பூ குறையும். கோடையின் முதல் பூவை முன்கூட்டியே பார்க்க விரும்பினால் கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான் முக்கியம்.

முதலில் நடவு. குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் படும் இடம் வேண்டும். ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து, வேர் பிடித்த நாற்றை நடுங்கள். செடிக்குச் செடி 4 அடி. தொட்டியில் வைப்பதென்றால் 15 அங்குலத் தொட்டி எடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, தொழு உரம் ஒன்று. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அடித்துளை அடைபடாமல் பாருங்கள். முதல் ஆண்டு பூ கொஞ்சம்தான்.

செடி தேறிய பிறகு, நவம்பர் கடைசி வாரம் கவாத்து. ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மழை விட்ட நாளில், கூரான கத்தரியால் எல்லாக் கிளைகளையும் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, உள்பக்கம் பின்னிய கிளை, மிச்ச இலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மொட்டையாக நிற்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பாதி மனதோடு நுனியை மட்டும் கிள்ளினால் தளிர் மெலிந்துதான் வரும்.

உடனே தூரைச் சுற்றிக் கொத்தி, தொழு உரத்தோடு இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு போட்டு நீர் விடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்கில் மொட்டு கட்டும். நன்கு பருத்து வெளுத்த மொட்டை வெயில் ஏறுமுன் பறியுங்கள், மாலையில் விரியும்.

மொட்டில் துளையும் நூலாம்படையும் இருந்தால் மொட்டுப்புழு. மொட்டு ஊதா நிறமாகி, அடி வீங்கி உதிர்ந்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் கெட்ட மொட்டுகளைப் பொறுக்கி அழியுங்கள். ஈயின் கூட்டுப்புழு மண்ணில் இருப்பதால் தூர்மண்ணையும் கிளறிவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்பு போர்த் தண்ணீரிலும் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, பச்சை திரும்பும்வரை 15 நாளுக்கு ஒருமுறை இலைமேல் தெளியுங்கள்.