பழைய கருவிகளை ஒட்டிய உவமைகளைச் சோதித்துப் பயன்படுத்துவது எப்படி?

தாமதமாகப் புரிந்துகொள்பவரை ‘ட்யூப்லைட்’ என்று கேலி செய்வது நம் வழக்கம். எல்.இ.டி. வெளிச்சத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அதன் காரணம் விளங்குவதில்லை. எழுத்திலோ வகுப்பிலோ இத்தகைய வழக்குகளைக் கையாளும் முன் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

முதலில், அந்த வழக்கு கருவியின் எந்தத் தன்மையைப் பற்றி நிற்கிறது என்று கண்டறியுங்கள். பழைய குழல்விளக்கில் சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் ஸ்டார்ட்டர் வழியாக ஓடி இரு முனைகளிலும் உள்ள இழைகளைச் சூடாக்கும். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடு தணிந்து விலகும்போது சோக்கில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருளில்) எழும் உயர் மின்னழுத்தம் குழலுக்குள் பாய்ந்த பிறகே வெளிச்சம் வரும். மின்னழுத்தம் குறைந்த இரவுகளில் அது பலமுறை கண்சிமிட்டிய பிறகுதான் எரியும். கேலி முழுவதும் இந்தத் தாமதத்தை நம்பியே பிறந்தது. எல்.இ.டி. குழலுக்கு ஸ்டார்ட்டரும் சோக்கும் வேண்டியதில்லை; போட்டதும் எரிகிறது. பெயர் வீட்டில் நிலைத்திருந்தும் உவமை காலாவதியாகிவிட்டது. ஆகவே பெயர் புழக்கத்தில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து, கருவியே மறைந்திருந்தாலும் அதன் தன்மை வேறு வழியில் புலப்படுகிறதா என்று பாருங்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆயினும் ‘குளிரில் பற்கள் தந்தியடித்தன’ என்பது விளங்குகிறது. தந்திக் கருவியின் ஓசையைக் கேட்டிராதவரும் தம் பற்களின் ஓசையைக் கேட்டிருக்கிறார். மரச்செக்கை இன்று மோட்டார் சுற்றினாலும், ‘செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி’ என்னும்போது பொருள் அத்தொடருக்குள்ளேயே கிடைக்கிறது. இவற்றைத் தயங்காமல் எழுதலாம்.

கருவியின் குறையையோ வேக எல்லையையோ சுட்டும் வழக்குகளில்தான் மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் பொறியாளர்கள் முதலில் களைய முற்படுவது அவற்றைத்தான். ஆமை வேகம் போன்ற இயற்கை உவமைகளுக்கு இந்த ஆபத்து இல்லை.

ஐயம் எழுந்தால், பள்ளி மாணவர் ஒருவரிடம் வாக்கியத்தைப் படித்துக்காட்டி, பொருளோடு காரணத்தையும் கேளுங்கள். பொருளை மட்டும் சொல்கிறார் என்றால் அது உவமை என்ற நிலையை இழந்து வெறும் சொல்லாகிவிட்டது. உரையாடலில் அது இருக்கட்டும், வருணனையில் விரிக்க வேண்டாம். பழைய காலத்துக் கதை மட்டும் இதற்கு விலக்கு: 1970களில் வாழும் பாத்திரம், காத்திருத்தலைச் சொல்ல, பதிவு செய்துவிட்டு இணைப்புக்காக உட்கார்ந்திருக்கும் வெளியூர்த் தொலைபேசி அழைப்பான ‘ட்ரங்க் கால்’ என்பதையே நினைக்கும்.